றக்பியில் பந்து ஏன் பின்னுக்கே போகிறது? உதைபந்தாட்ட ஓவ்சைட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஊர்க் கழகத்தில் உதைபந்து விளையாடி வளர்ந்தவர், இப்ப கொழும்பில் படிக்கிறீர்கள். கூடப் படிக்கிறவர்கள் றோயல், திரினிற்றி கல்லூரிகளின் பிரட்பி கேடய ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே பார்த்ததில் மூன்று விஷயம் உங்களைக் குழப்பியிருக்கிறது. எல்லாரும் முன்னுக்கு ஓடுகிறார்கள், பந்தை மட்டும் ஏன் பின்னுக்கே குடுக்கிறார்கள்? றக்பியில் ஓவ்சைட்டே கிடையாது என்று நண்பர் சொன்னது சரியா? உதைபந்தாட்டத்தின் நடுவே ஒரு மாணவன் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் றக்பி பிறந்தது என்ற கதை உண்மையா? மூன்றாகக் கேட்டிருந்தாலும் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: பந்துக்கு முன்னால் நிற்கிற ஆள் ஆடலாமா, கூடாதா? அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நான் உதைபந்தாட்ட மத்தியஸ்தர். முல்லைத்தீவுக் கரையோரக் கழகங்கள், கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவிப் பக்கத்துப் பாடசாலைகள், வவுனியாவில் நடக்கும் சுற்றுப்போட்டிகள் என்று பல வருடமாக விசிலோடும் கொடியோடும் நின்றிருக்கிறேன். றக்பிக்கு நான் விசில் ஊதியதில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது சட்டப் புத்தகங்களை வாசித்ததாலும், கண்டியில் றக்பி மத்தியஸ்தம் செய்யும் நண்பர் ஒருவரோடு இருந்து கதைத்ததாலும் வந்தது. ஆகவே ஸ்க்ரமுக்குள், அதாவது இரு அணி ஆட்களும் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காகத் தள்ளுகிற இடத்துக்குள், யார் யாரை இழுத்தார் என்ற நுணுக்கத்துக்கு நான் பொருத்தமான ஆள் இல்லை. ஓவ்சைட் சட்டம் வளர்ந்த கதையை மட்டும் உறுதியோடு சொல்லலாம்.

நேரடிப் பதில்: றக்பியில் ஓவ்சைட் இருக்கிறது, அதுவும் உதைபந்தாட்டத்தில் இருப்பதை விடக் கடுமையாக. பந்தை வைத்திருப்பவருக்கோ, கடைசியாகப் பந்தை ஆடியவருக்கோ முன்னால் நிற்கிற அவருடைய அணிக்காரர் அத்தனை பேரும் ஓவ்சைட். எதிரணி ஆட்கள் எத்தனை பேர் இடையில் நிற்கிறார்கள் என்ற கணக்கு இல்லை. தங்கள் பாதி, எதிரணிப் பாதி என்ற வித்தியாசமும் இல்லை. பந்து எங்கே இருக்கிறதோ அதற்குக் குறுக்காக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்தான் ஆட்டத்தில் இருப்பவர். அப்படியானால் பந்தை யாருக்குக் குடுக்கலாம்? பின்னால் வருகிறவருக்கு மட்டும்தான். சட்டப் புத்தகத்தில் முன்னுக்கு எறிவது ஒரு குற்றமாகவும் ஓவ்சைட் வேறொரு குற்றமாகவும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறது, தண்டனையும் வேறு. தவறுதலாக முன்னுக்கு எறிந்தால் எதிரணிக்கு ஸ்க்ரம், வேண்டுமென்று எறிந்தால் பெனால்டி, ஓவ்சைட்டில் நின்று ஆட்டத்தில் தலையிட்டால் பெனால்டி. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கிற எண்ணம் ஒன்றே: பந்தை முந்திக்கொண்டு போய் எதிரியின் முதுகுக்குப் பின்னால் காத்து நிற்பது நேர்மையான ஆட்டம் ஆகாது.

இப்ப உங்களுக்கு ஆச்சரியமான இடத்துக்கு வருவோம். உதைபந்தாட்டமும் இதே சட்டத்தோடுதான் தொடங்கியது. 1863 ஒக்ரோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டாவர்ன் என்ற விடுதியில் சில கழகங்களின் ஆட்கள் கூடி உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தார்கள். டிசம்பர் வரை ஆறு கூட்டம் நடந்தது. செயலாளராக இருந்த எபனேசர் கொப் மோர்லி சட்டங்களை வரைந்தார். முடிவில் வந்தவை 13 சட்டங்கள். அவற்றில் ஆறாவது என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவர் பந்தை உதைத்த பிறகு, அவருடைய அணியில் எதிரணிக் கோல் கோட்டுக்கு அவரை விடக் கிட்ட நிற்பவர் எவரும் ஆட்டத்துக்கு வெளியே. அவர் பந்தைத் தொடக்கூடாது, மற்றவர் தொடுவதை மறிக்கவும் கூடாது. சொல்லுக்குச் சொல் றக்பி ஓவ்சைட்தான் இது. ஒரேயொரு விலக்கு: கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து பந்து உதைக்கப்பட்டால் ஓவ்சைட் இல்லை. அந்த விலக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கோல் கிக்கிலிருந்து நேரே வாங்கினால் ஓவ்சைட் இல்லை என்று நாங்கள் பெடியன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தக் காலத்து வரியின் மிச்சம்.

அந்த 13 சட்டத்தையும் வாசித்தால் இன்றைய உதைபந்தாட்டக்காரர் ஒருவர் தன்னுடைய ஆட்டத்தை அடையாளம் காண்பதற்குள் றக்பிக்காரர் தன்னுடையதைக் கண்டுவிடுவார். பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கலாம். பிடித்த உடனே குதிக்காலால் நிலத்தில் அடையாளம் போட்டால் ஃப்ரீ கிக் கிடைக்கும். றக்பியில் தன் 22 மீற்றர் பகுதிக்குள் பந்தைப் பிடித்து 'மார்க்' என்று கத்துகிறார்களே, அதன் உடன்பிறப்பு இது. எதிரணிக் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தை முதலில் தொட்டால், தொட்ட இடத்துக்கு நேராக 15 யார் தள்ளிவந்து கோலுக்கு உதைக்கலாம். றக்பியில் எதிரணிக் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்து எடுக்கிற ட்ரைக்குப் பிறகு, கம்பங்களுக்கு இடையே கன்வெர்ஷன் உதைக்கிற முறையும் அதே வழிதான், தொட்ட இடத்துக்கு நேர்க்கோட்டில்தான் பந்தை வைக்க வேண்டும். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் முதலில் அதைத் தொட்டவர் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ளே எறிய வேண்டும். உதைபந்தாட்டம் இதை விட்டுவிட்டது, றக்பியில் பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிகிற லைன்அவுட்டில் பந்து நேராகப் போகவில்லை என்று இன்றைக்கும் விசில் ஊதுகிறார்கள். கோலுக்குக் குறுக்குக் கம்பமே அப்போது இல்லை. இரண்டு கம்பங்களுக்கும் இடையில் எந்த உயரத்தில் போனாலும் கோல்.

பிறகு எங்கே பிரிந்தார்கள் என்று கேட்பீர்கள். ஓவ்சைட்டில் அல்ல. மோர்லியின் முதல் வரைவில் பந்தைக் கையில் கொண்டோடவும், கொண்டோடுபவரின் காலில் உதைத்து வீழ்த்தவும் இடம் இருந்தது. கடைசிக் கூட்டங்களில் இரண்டையும் நீக்கினார்கள். அதை ஏற்காமல் பிளாக்ஹீத் கழகம் வெளியேறியது. வெளியேறியவர்களும் அவர்களைப் போன்றவர்களும் சேர்ந்து 1871 ஜனவரி 26 அன்று றக்பி உதைபந்தாட்ட ஒன்றியத்தை அமைத்தார்கள். கூடியது 21 கழகங்கள். காலில் உதைப்பதற்காக அவ்வளவு வாதாடிப் பிரிந்தவர்கள், தங்கள் முதல் சட்டத்திலேயே அதைத் தடை செய்தும் விட்டார்கள். ஆகவே உண்மையில் மிஞ்சிய வித்தியாசம் பந்தைக் கையில் கொண்டோடலாமா என்பதுதான்.

அந்தப் பழைய சட்டத்தோடு உதைபந்தாட்டம் எப்படி இருந்திருக்கும் என்று வாசித்து விளங்குவதை விட ஆடிப் பார்ப்பது நல்லது. கிளிநொச்சியில் ஒரு பாடசாலை அணிக்குப் பயிற்சி நடந்த பின்னேரம் நான் பெடியன்களிடம் சொன்னேன்: "இப்ப கொஞ்ச நேரம் 1863 சட்டம். பந்தை உதைக்கிறவனுக்கு முன்னால நிக்கிற அவன்ர ஆள் ஒருத்தரும் பந்தைத் தொடக்கூடாது." தொடக்கத்தில் வழக்கம்போல விங்கில் ஓடியவர்கள் ஒவ்வொரு முறையும் நின்றுபோனார்கள். ஒருத்தன் கேட்டான், "சேர், முன்னுக்கு ஒருத்தரும் நிக்கேலாதெண்டா ஆருக்குப் பந்து குடுக்கிறது?" அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒருத்தன் பந்தைக் காலோடு தட்டிக்கொண்டு நேரே போகிறான், நாலைந்து பேர் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகிறார்கள், அவனிடமிருந்து பந்து பறிபோனால் அடுத்தவன் எடுக்கிறான். மைதானத்தின் அகலம் முழுக்க வெறுமையாகக் கிடக்க, இருபத்திரண்டு பேரும் ஒரு புழுதிக் கூட்டமாக அங்கும் இங்கும் நகர்ந்தார்கள். ஆரம்பகால உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட விவரணங்களில் வருவதும் இதே காட்சிதான். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுக்க விட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்: பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கையால் பின்னுக்குக் குடுப்பான். அங்கே றக்பி வந்துவிட்டது.

ஆகவே "றக்பி ஏன் பின்னுக்குக் குடுக்கிறது" என்ற கேள்வியைத் திருப்பி, "உதைபந்தாட்டம் எப்போது முன்னுக்குக் குடுக்கத் தொடங்கியது" என்று கேட்பதுதான் சரி. பழைய இடத்தில் நின்றது றக்பி, நகர்ந்தது உதைபந்தாட்டம். அந்த நகர்வுக்குத் தேதிகள் இருக்கின்றன. 1866 இல் முதல் தளர்வு: பந்துக்கு முன்னால் நின்றாலும், உங்களுக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேராவது இருந்தால் ஆடலாம். பந்தை முன்னுக்கு ஒரு ஆளிடம் குடுக்க முதன்முதலாக வழி திறந்தது அப்போதுதான். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதல் சர்வதேச உதைபந்தாட்டத்தில் ஸ்கொட்லாந்து அணி முழுவதும் குயின்ஸ் பார்க் கழகத்தவர். குடுத்து வாங்கி ஆடும் பாணிக்குப் பேர்பெற்ற கழகம் அது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. இன்னொரு பக்கம் ஷெஃபீல்ட் நகரத்துக் கழகங்கள் 1858 இல் எழுதிய தங்கள் சொந்தச் சட்டத்தில் ஓவ்சைட்டே வைக்கவில்லை. 1877 இல்தான் லண்டன் சட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், மூன்று விதமான ஓவ்சைட் இருந்திருக்கிறது.

1907 இல் தன் பாதிக்குள் நிற்பவருக்கு ஓவ்சைட் இல்லை என்றானது. 1920 இல் த்ரோவிலிருந்து ஓவ்சைட் இல்லை என்றானது. இவை சிறியவை. பெரிய மாற்றம் 1925. அதற்கு முன்னிருந்த மூன்று பேர் கணக்கை ஒரு பின்களக்காரர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பாருங்கள். கோல்காப்பாளர் ஒருவர், பின்களக்காரர் இருவர், ஆக மூன்று. இருவரில் ஒருவர் மட்டும் நாலடி முன்னுக்கு வந்தால் போதும், எதிரணி முன்களக்காரர் ஓவ்சைட்டில் விழுந்துவிடுவார். கணக்குப் பிழைத்தாலும் மற்றப் பின்களக்காரர் பின்னால் காவலுக்கு நிற்கிறார், நட்டமில்லை. நியூகாசில் கழகத்தின் பில் மக்ரக்கன் இதில் கைதேர்ந்தவர் என்று பெயர் எடுத்தவர். அவரைப் பார்த்து மற்றக் கழகங்களும் செய்யத் தொடங்க, ஆட்டம் நடுமைதானத்தில் ஒரு ஒடுங்கிய பட்டிக்குள் சிக்கி, ஓயாமல் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. 1925 இல் மூன்றை இரண்டாக்கினார்கள். இப்போது பொறி வைக்க வேண்டுமென்றால் இரண்டு பின்களக்காரரும் சேர்ந்து முன்னுக்கு வர வேண்டும். ஒருவர் பிந்தினாலும் பின்னால் கோல்காப்பாளர் தனியே. விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதலாம் பிரிவில் 1924-25 பருவத்தில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவத்தில் 1,703. ஆட்டங்களின் எண்ணிக்கை இரண்டு பருவத்திலும் ஒன்றே. 1927-28 இல் எவர்ட்டன் கழகத்தின் டிக்ஸி டீன் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் அடித்தார். அதைச் சமாளிக்கத்தான் நடுக்களத்தில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்து, மூன்றாவது பின்களக்காரராக்கினார்கள்; ஆர்சனலில் ஹேர்பேர்ட் சப்மன் அதை ஒரு முழுமையான அமைப்பாகவே ஆக்கினார். சட்டத்தில் ஒரு எண் மாறியது, மைதானத்தில் ஆட்கள் நிற்கிற இடமெல்லாம் மாறியது. எனக்கு உதைபந்தாட்ட வரலாற்றில் இதைவிடப் பிடித்த பகுதி வேறு இல்லை.

1990 இல் கடைசிக்கு முந்திய எதிரணியாளருக்குச் சமமாக நின்றால் ஓவ்சைட் இல்லை என்றானது. இன்றைய சட்டத்தை முழுதாகச் சொன்னால்: எதிரணிப் பாதியில், பந்துக்கும் கடைசிக்கு முந்திய எதிரணியாளருக்கும், இரண்டுக்கும் முன்னால் உங்கள் தலையோ உடலோ காலோ இருந்தால் ஓவ்சைட் நிலை, கை கணக்கில் இல்லை. 'பந்துக்கு முன்னால்' என்ற அந்த முதல் பாதியைக் கவனியுங்கள். அது 1863 சட்டம், இன்னும் அப்படியே உள்ளே கிடக்கிறது. எதிரணியில் ஒருவருமே இடையில் இல்லாவிட்டாலும், நீங்கள் பந்துக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்கு ஓவ்சைட் கிடையாது. றக்பியிலும் அதேதான். இரண்டு ஆட்டத்துக்கும் இன்றுவரை பொதுவான ஒரே ஓவ்சைட் உண்மை இது.

இந்த இடத்தில் எங்கள் மைதானங்களில் ஓயாமல் நடக்கிற ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறான விளக்கத்தோடு றக்பி பார்த்தால் அங்கேயும் குழம்புவீர்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு கழக ஆட்டம் என்று வையுங்கள். பக்கக் கோட்டை ஒட்டிச் சனம் நிற்கும், அந்த இடுக்கில்தான் லைன்ஸ்மன் ஓட வேண்டும். நடுக்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வருகிறது. முன்களப் பெடியன் பின்களக்காரர்களைத் தாண்டி நாலைந்து அடி முன்னால் நின்று அதை வாங்குகிறான். கோல்காப்பாளர் கையைத் தூக்குகிறார், சனம் "ஓவ்" என்று கத்துகிறது, கொடி ஏறவில்லை. சனம் பார்த்தது பந்து வந்து சேர்ந்த நேரத்தை. லைன்ஸ்மன் பார்த்தது பந்து காலை விட்டுக் கிளம்பிய நேரத்தை. அந்தக் கணத்தில் பெடியன் பின்களக்காரரோடு சமமாக நின்றான், பந்து பறக்கிற நேரத்தில் ஓடி முந்தினான். சட்டம் கிளம்பிய கணத்தைத்தான் கேட்கிறது. நல்ல லைன்ஸ்மன் பந்தைப் பார்ப்பதே இல்லை. கடைசிக்கு முந்திய ஆளோடு சமமாக நின்றுகொண்டு, உதைக்கிற சத்தத்தைக் காதால் வாங்கி, கோட்டைக் கண்ணால் பிடிப்பார். புதிதாகக் கொடி பிடிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் பழக்குவது அதைத்தான்.

றக்பியில் இந்தக் கணம் இன்னும் சுவையானது. பந்தைக் கையால் முன்னுக்கு எறியக்கூடாதே தவிரக் காலால் முன்னுக்கு உதைக்கலாம். உதைத்த கணத்தில் உதைத்தவருக்கு முன்னால் நிற்கும் அவருடைய ஆட்கள் எல்லாரும் ஓவ்சைட். ஆனால் அந்த நிலை நிரந்தரமில்லை. உதைத்தவரோ, அவருக்குப் பின்னால் நின்ற வேறொருவரோ ஓடிவந்து இவர்களைத் தாண்டிப் போனால் இவர்கள் மறுபடி ஆட்டத்துக்குள். பந்து விழப்போகிற இடத்துக்கு 10 மீற்றருக்குள் நிற்பவர் என்றால் அப்படிக் காத்து நிற்கவும் முடியாது, உடனே பின்வாங்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும்போது பந்து உயரப் பறக்கிற நேரத்தில் அதைப் பார்க்காமல் உதைத்தவரைப் பாருங்கள். அவர் ஏன் அவ்வளவு வேகமாகப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார் என்பது விளங்கும்: தன் அணியை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஓடுகிறார்.

இதிலும் அண்மையில் ஒரு திருத்தம் வந்தது. முன்பு, பந்தைப் பிடித்த எதிரணியாளர் 5 மீற்றர் ஓடினாலோ பந்தை வேறொருவருக்குக் குடுத்தாலோ, ஓவ்சைட்டில் நின்றவர்கள் சரியாகிவிடுவார்கள் என்று இருந்தது. இரு அணியின் கடைசி ஆட்களும் ஓடாமல், குடுக்காமல் மாறிமாறி உயர உதைத்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் நடுமைதானத்தில் சும்மா நின்று தலைக்கு மேல் பந்து போவதைப் பார்க்கிற நிலை வந்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர் அந்துவான் டுப்போன் பெயரால் அதை டுப்போன் சட்டம் என்றே சொல்லத் தொடங்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் உலக றக்பி அமைப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. ஓவ்சைட்டில் நிற்பவர் பின்வாங்க முயன்றே ஆக வேண்டும். 1925 இல் உதைபந்தாட்டம் பட்ட அவதியும் 2024 இல் றக்பி பட்ட அவதியும் ஒரே வகை: ஓவ்சைட் சட்டத்தின் ஒரு ஓட்டையில் ஆட்டக்காரர் குடியேறியதும் ஆட்டம் உறைந்துபோகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் ஒன்று: சில பாஸ்கள் பார்வைக்கு முன்னுக்குப் போவதுபோல இருக்கும், மத்தியஸ்தர் விசில் ஊதமாட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் பின்பக்கமாக ஒரு தேங்காயை மெல்ல எறிந்தால், அது விழுகிற இடம் எறிந்த இடத்தைவிட முன்னால்தான் இருக்கும். பெட்டியின் வேகம் தேங்காயிலும் இருக்கிறது. ஓடுகிற றக்பிக்காரரும் அப்படித்தான். விநாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் ஓடுகிறவர் 3 மீற்றர் வேகத்தில் பின்னுக்கு எறிந்தால், நிலத்தை வைத்துப் பார்க்கிறபோது பந்து விநாடிக்கு 5 மீற்றர் முன்னுக்குப் போகிறது. அதனால் இப்போதைய சட்டம் பந்து விழுந்த இடத்தைப் பார்ப்பதில்லை. எறிகிறவரின் கைகள் எந்தத் திசையில் அசைந்தன என்று பார்க்கிறது. மைதானத்தில் உள்ள கோடுகளை அளவாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிற பார்வையாளர் பெரும்பாலும் பிழைவிடுவது இதனால்தான்.

றக்பிக் குடும்பத்துக்குள்ளேயும் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1895 இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள், வேலைக்குப் போகாமல் ஆட வருகிறவர்களுக்கு இழந்த சம்பளத்தைக் குடுக்க வேண்டும் என்று கேட்டுப் பிரிந்து போனார்கள். 1906 இல் அணிக்கு 13 பேர் என்று குறைத்துத் தனி ஆட்டமாக்கினார்கள். ஆனால் பின்னுக்குக் குடுக்கிற விதியை அவர்களும் தொடவில்லை. அதே 1906 இல் அமெரிக்கர்கள் தங்கள் உதைபந்தாட்டத்தில் முன்னுக்கு எறிவதை அனுமதித்தார்கள், அது வேறொரு பாதையில் போய்விட்டது. பந்து நீள்வட்டமாக இருப்பதற்குப் பெரிய தத்துவம் இல்லை. பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி அதன்மேல் தோல் தைத்தார்கள், அதன் இயல்பான வடிவம் அப்படி. றக்பி நகரத்துச் சப்பாத்துக்காரர் ரிச்சர்ட் லிண்டன் 1860களில் ரப்பர் பை கொண்டுவந்த பிறகு எந்த வடிவமும் செய்யலாம் என்றானது, கையில் பிடிக்க வசதி என்று நீள்வட்டத்தையே வைத்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டுப் பாடசாலைகளில் 1891 இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் இந்தப் பந்து முதலில் இறங்கியது. பிரட்பி கேடயம் 1945 இல் வந்தது.

கடைசியாக, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாணவன். பெயர் வில்லியம் வெப் எல்லிஸ், இடம் றக்பி பாடசாலை, வருடம் 1823 என்று சொல்வார்கள். அவர் அந்தக் காலத்தில் அங்கே படித்தது உறுதி. பிறகு ஒக்ஸ்போர்ட்டுக்காகக் கிரிக்கெட் ஆடியதும், மதகுருவானதும், 1872 இல் பிரான்சின் மொந்தோன் நகரில் இறந்ததும் பதிவில் உள்ளவை. அந்த ஓட்டம் மட்டும்தான் பதிவில் இல்லை. அதை முதலில் எழுதியவர் மத்தியூ புளொக்சம் என்ற பழைய மாணவர். எழுதியது 1876 இல், எல்லிஸ் இறந்து நாலு வருடத்துக்குப் பிறகு. 1823 இல் புளொக்சம் பாடசாலையை விட்டுப் போயிருந்தார், அவர் கண்ணால் கண்டவர் இல்லை. எல்லிஸ் தானே அப்படிச் சொன்னதாக ஒரு வரியும் கிடையாது. 1895 இல் பழைய மாணவர் சங்கம் இதை விசாரித்தது. கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் கிடைக்கவில்லை. 1830களில் அங்கே படித்த ஒருவர், தன் காலத்தில் எல்லிஸின் கதை வழக்கில் இருக்கவில்லை என்றே சொன்னார். இருந்தும் 1900 இல் பாடசாலைச் சுவரில் அவர் பெயருக்குக் கல்வெட்டு வைத்தார்கள்.

நான் இந்தக் கதையைப் பொய் என்று தள்ளமாட்டேன், உண்மை என்று சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் உங்கள் நண்பர் சொன்ன வடிவம் நிச்சயமாகப் பிழை. 1823 இல் கை தொடாத உதைபந்தாட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. றக்பி பாடசாலை ஆட்டத்தில் பறக்கும் பந்தைப் பிடிப்பது எல்லாரும் செய்த காரியம். புளொக்சம் சொன்னதைக் கவனமாக வாசித்தால், எல்லிஸ் செய்ததாகச் சொல்லப்படும் மீறல் வேறு: பந்தைப் பிடித்தவர் பின்னுக்குப் போய் உதைக்க வேண்டும் என்பது வழக்கம், இவர் அப்படிச் செய்யாமல் பந்தோடு முன்னுக்கு ஓடினார். அங்கேயும் கேள்வி கையைப் பற்றியது அல்ல, முன்னுக்கா பின்னுக்கா என்பதுதான். பந்தோடு முன்னுக்கு ஓடுவதை அந்தப் பாடசாலை சட்டமாக ஏற்றது 1841-42 காலத்தில். சட்டங்களை முதலில் எழுத்தில் வைத்தது 1845 இல். இந்த இரண்டும் ஆவணத்தில் இருப்பவை. 1987 முதல் உலகக் கிண்ணத்துக்கு எல்லிஸின் பெயர் இருப்பதைக் காட்டி நண்பர் வாதாடுவார். கிண்ணத்தின் பெயரை விட்டுக்குடுங்கள், 1823க்கு ஆதாரம் கேளுங்கள். அவர் றக்பியில் ஓவ்சைட் இல்லை என்று மறுபடி சொன்னால், அடுத்த ஆட்டத்தில் யாராவது பந்தை உயர உதைக்கிற நேரம் அவருடைய தோளைத் தட்டி, முன்னால் நிற்கிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவதைக் காட்டுங்கள்.